எட்டு பைட்டு குறைந்த கதை

செங்கம் கணவாய்க்கு மேற்கே அமைந்த ஊர் சிங்காரப்பேட்டை. 1767இல் காவேரிப்பட்டணத்திலிருந்து பின்வாங்கிய கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படை இவ்வழியே திருவண்ணாமலை நோக்கி நகர்ந்தது. செப்டம்பர் 3ஆம் நாள் செங்கத்தருகே ஹைதர் அலியின் படை அதை எதிர்கொண்டது. பாராமகால் வெளி எவ்வளவு அகன்றிருந்தால் என்ன, பொதிமாடுகளின் நடையை முடிவு செய்வது கணவாயின் இடுக்குதான். இணையத்தில் செல்லும் தரவுப் பொதிகளுக்கும் இதே விதிதான்.

கணினி அனுப்பும் கோப்பு சிறு பொதிகளாகப் பிரிந்தே பயணம் போகிறது. ஈதர்நெட் கம்பியில் ஒரு பொதியின் உச்ச அளவு 1500 பைட்டு. 1973இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் தொடங்கிவைத்த ஈதர்நெட்டை, டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் கூடி 1980இல் பொதுத்தரமாக வெளியிட்டபோது நிலைபெற்ற எண் இது. ஒரே கம்பியைப் பல கணினிகள் பகிர்ந்துகொண்ட காலம். நொடிக்கு ஒரு கோடி பிட்டு என்னும் அன்றைய வேகத்தில் இப்பொதி கம்பியை 1.2 மில்லிநொடி பிடித்துக்கொள்ளும்; அதுவரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பொதியைத் தாங்கிவைக்கும் நினைவகமும் அன்று விலை மிகுந்த சரக்கு. பின்னாளில் வேகம் ஆயிரம் மடங்குக்கு மேல் வளர்ந்தது. எண் மட்டும் பெரும்பாலும் அசையவில்லை.

அனுப்பும் எல்லை வேறு, பெறும் எல்லை வேறு. தொலைபேசிவழி இணைப்புக்கான பிபிபி நெறிமுறை இதை நாகரிகமாகக் கையாண்டது: தன்னால் எவ்வளவு பெரிய பொதியை வாங்க முடியும் என்பதை ஒவ்வொரு முனையும் மற்றதற்கு முதலிலேயே சொல்லிவிடும். 1999இல் இந்நெறிமுறையையே ஈதர்நெட்டுக்குள் ஏற்றினார்கள். மேலுறைக்கு 8 பைட்டு செலவாயிற்று. 1500 என்பது 1492 ஆனது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தொடங்கிய டேட்டாஒன் அகலப்பட்டையோடு நம் வீட்டுத் தொலைபேசிக் கம்பிக்கும் வந்துசேர்ந்தது இந்த 1492தான்.

எட்டு பைட்டுதானே என்று தோன்றும். ஆனால் தொல்லை அங்கேதான். 1981இன் இணைய நெறிமுறைப்படி, பெரிய பொதியை இடைவழித் திசைவிகள் துண்டாக்கி அனுப்பலாம். துண்டுகளில் ஒன்று தொலைந்தாலும் முழுப்பொதியும் வீண் என்று 1987இல் கென்ட்டும் மோகலும் எழுதினார்கள். 1990இல் வேறு முறை வகுக்கப்பட்டது: துண்டாக்காதே என்ற குறியோடு பொதியை அனுப்புவது; இடுக்கு வந்தால் அங்குள்ள திசைவி அளவைச் சொல்லித் தகவல் திருப்புவது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் பல நிறுவனங்களின் காவல்மென்பொருள்கள் அந்தத் தகவலையே தடுத்துவிட்டன. சிறு பொதிகள் தடையின்றிப் போகும், பெரியவை சுவடின்றி மறையும். கடவுச்சொல் ஏற்கப்படும், அடுத்த பக்கம் வராது. இரண்டு வரி மின்னஞ்சல் போய்ச்சேரும், இணைப்போடு கூடிய விண்ணப்பம் பாதியில் நிற்கும். பிழைச்செய்தி ஏதும் வராததால், பயனர் தன் கணினியையே குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

மோடம்கள் கண்டுபிடித்த மாற்றுவழி கொஞ்சம் குறும்பானது. இரு கணினிகளும் பேசத் தொடங்கும்போது பரிமாறிக்கொள்ளும் 1460 என்ற எண்ணை நடுவில் நின்று 1452 என்று திருத்திவிடுகின்றன. இருபுறமும் அறியாமலே சிறிய பொதிகளைக் கட்டுகின்றன. ஐபிவி6 நெறிமுறையிலோ, இடைவழியில் பொதியைத் துண்டாக்க அனுமதியே இல்லை. எந்த வழியும் 1280 பைட்டையாவது தாங்கியே ஆக வேண்டும்.