உண்டாட்டும் கிடாவெட்டும்

ஊர் கூடி உண்பதையும் குடிப்பதையும் ஒரு விழாவாகக் கொண்டாடுவது மேலைநாட்டிலிருந்து நமக்கு வந்த வழக்கமன்று. தொல்காப்பியம் வெட்சித் திணையின் துறைகளுள் ஒன்றாகவே ‘உண்டாட்டு’ என்பதை வைத்திருக்கிறது. ஆநிரை கவர்ந்து மீண்ட மறவர் கள்ளுண்டு களித்தாடுவதே அத்துறை. அதற்கு முன்னே நிற்பது ‘பாதீடு’, அதாவது கவர்ந்ததைப் பங்கிடுதல். பின்னே நிற்பது ‘கொடை’. பங்கிடுவதற்கும் கொடுப்பதற்கும் நடுவே களிப்பை வைத்த இந்த வரிசை நம் கவனத்துக்குரியது.

சாத்தூருக்குத் தென்மேற்கே உள்ள ஏழாயிரம்பண்ணை பழைய பாளையங்களுள் ஒன்று. 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட காலத்தில், அவர் பக்கம் நின்ற இப்பாளையமும் கும்பினியின் தண்டனைக்கு உள்ளானது. பாளையம் போயிற்று, கும்பிடும் தெய்வங்கள் போகவில்லை. கரிசல் காட்டின் ஐயனார், கருப்பசாமி கோயில்களில் இன்றும் கிடாவெட்டு நடக்கிறது. பங்காளிகள் தலைக்கட்டு வரி போட்டுக் கிடா வாங்குகிறார்கள். தலை யாருக்கு, தொடை யாருக்கு என்பதில் கோயிலுக்குக் கோயில் வழக்கு உண்டு. மரத்தடியில் கல் கூட்டி அடுப்பு வைத்து, பெரும்பாலும் ஆண்களே சமைக்கிறார்கள். பட்டாசு ஆலைக்குப் போகிறவர்களுக்கும் வெளியூரில் பிழைப்பவர்களுக்கும் ஞாயிறுதான் ஓய்வு என்பதால், பல இடங்களில் விருந்து அந்நாளுக்கு நகர்ந்திருக்கிறது. சங்ககாலப் பாதீட்டின் எச்சத்தை நாம் இங்கே காண்கிறோம்.

இந்த விருந்தின் இரு பாதிகள் மீதும் அரசின் கை விழுந்தது. 1937இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்ந்து, மீண்டும் இறுகி, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1987இல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. அத்தடை இன்றும் நீடிக்கிறது. பனைமரம் நிறைந்த இப்பகுதியில் கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர். தடவாமல் இறக்கினால் குற்றம்.

கிடாவின் கதை இன்னும் விந்தையானது. 1950இல் இயற்றப்பட்டு ஏட்டளவில் கிடந்த உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த 2003 ஆகஸ்டில் ஆணை பிறந்தது. குலதெய்வத்தின் முன் அரிவாள் ஓங்குவது திடீரெனக் குற்றமாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் மதுச் சில்லறை விற்பனையை அரசே டாஸ்மாக் வழியாக ஏற்றுக்கொண்டது. பொதுவில் பகிரும் கறி விலக்கு. தனியே வாங்கிக் குடிக்கும் புட்டி அனுமதி. நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்த நிலையில், 2004 பிப்ரவரியில் அச்சட்டமே நீக்கப்பட்டது. கிடா திரும்பியது, கள் திரும்பவில்லை.

பழைய விருந்தை நாம் பொற்காலமாக்க வேண்டியதில்லை. பங்காளிப் பந்தியின் சமத்துவம் சாதி எல்லையோடு நின்றுவிடுவது. பெண்களுக்கு அதில் இருந்த இடமும் சிறிது. ஆயினும், அதியமான் மறைந்தபோது ஔவை பாடிய கையறுநிலையில், அவன் கள்ளையும் சோற்றையும் பகிர்ந்துண்ட பண்பே முதன்மையாக நினைக்கப்படுகிறது என்பதை நாம் மறத்தலாகாது. குடித்த அளவன்று, பகிர்ந்த முறையே அங்கே நினைவில் நின்றது. டாஸ்மாக் வாசலில் தனித்து நிற்கும் மனிதனிடம் குடி உண்டு. பாதீடும் இல்லை, கொடையும் இல்லை. நாம் இழந்தது கள்ளை அன்று. அதன் இருபுறமும் நின்ற அந்த இரண்டு சொற்களை.