புக்கிட் மேரா அருமண் ஆலை எதிர்ப்பு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவை ஒட்டிய புக்கிட் மேரா, பாப்பான் பகுதிகளில் வாழும் மக்கள் 1980-களில் ஏசியன் ரேர் எர்த் நிறுவனத்தின் ஆலையையும் அதன் கதிரியக்கக் கழிவையும் எதிர்த்து நடத்திய போராட்டமும் வழக்கும் புக்கிட் மேரா அருமண் ஆலை எதிர்ப்பு எனப்படுகின்றன. குடியிருப்போர் உயர் நீதிமன்றத்தில் வென்று உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். தோற்ற தீர்ப்பு வெளியாகி ஒரு மாதம் முடிவதற்குள் ஆலையை மூடுவதாக நிறுவனமே அறிவித்தது. வீட்டருகே வந்த தொழிற்சாலைக்கு எதிராக மலேசியாவில் எழுந்த போராட்டங்களில் அதிகம் பேசப்படுபவற்றுள் இதுவும் ஒன்று. நடந்தது பேராக்கில் என்றாலும், இதற்குத் துணை நின்ற சங்கங்கள் இரண்டும் பினாங்கைச் சேர்ந்தவை.

வெள்ளீயமும் அமாங்கும்

ஈப்போ அமைந்துள்ள கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகின் பெரிய வெள்ளீயச் சுரங்க வட்டாரங்களுள் ஒன்று. வெள்ளீயத்தைப் பிரித்தபின் எஞ்சும் கனமான கறுப்பு மணலை அங்கே அமாங் என்பார்கள். அதில் இல்மனைட், சிர்க்கான், செனோடைம் ஆகியவற்றோடு மோனசைட்டும் கலந்திருக்கும். மோனசைட்டிலிருந்து சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்கள் கிடைக்கும். கண்ணாடியை மெருகேற்றுவதிலிருந்து காந்தம் செய்வதுவரை இவை பயன்படுகின்றன. மின்னணுத் தொழில் வளர்ந்துகொண்டிருந்த ஜப்பானுக்கு அப்போது இவை மிகவும் தேவைப்பட்டன. சிக்கல் என்னவென்றால், மோனசைட்டுக்குள் தோரியமும் இருக்கிறது. மணலாகக் கிடக்கும்வரை அது பரவிக் கிடக்கும். வேதிப்பொருள்களால் உடைத்து அருமண்ணை எடுத்துக்கொண்டால் தோரியம் ஹைட்ராக்சைடாகக் கழிவில் திரண்டுவிடும். தோரியம்-232-இன் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டு. அது சிதையும்போது பிறக்கும் சேய்த் தனிமங்கள் காமாக் கதிரை வீசும். அவற்றுள் ஒன்றான தோரான் வாயு காற்றோடு போகும்.

ஏசியன் ரேர் எர்த் 1979-இல் உருவானது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கலும் உள்ளூர் பே மினரல்ஸ் நிறுவனமும் தலா 35 சதவீதப் பங்கு வைத்திருந்தன. ஹஜ் பயணிகளின் சேமிப்பை நிர்வகிக்கும் தாபோங் ஹாஜிக்கு 20 சதவீதம். மிச்சம் பூமிபுத்ரா வணிகர்கள் சிலரிடம். ஆலை 1982-இல் ஓடத் தொடங்கியது. இடம் லாஹாட் அருகே, புக்கிட் மேரா புதுக்கிராமத்தின் வாசலில். மலாயா அவசரகாலத்தில், கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களுக்கு உதவி போகாமல் தடுக்க, பிரிட்டிஷ் அரசு சீனக் குடியானவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பெயர்த்துக் குடிவைத்த ஊர்களே புதுக்கிராமங்கள். ஆலைப் பக்கம் தெரிந்தே வந்து வீடு கட்டிக்கொண்டவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. இங்கே ஊர்தான் முதலில், ஆலை பின்னால்.

அன்று சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு சட்டப்படி கட்டாயமில்லை. அதற்கான ஆணை 1988 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அணுசக்தி உரிமச் சட்டம் வந்ததே 1984-இல். ஆகவே ஆலை தொடங்கியபோது, இதைச் செய்யலாமா என்று கேட்கும் அதிகாரம் படைத்த தனி அமைப்பு எதுவும் கிடையாது.

பாப்பான் குழிகள்

எதிர்ப்பு ஆலை வாசலில் தொடங்கவில்லை. தோரியம் வருங்காலத்தில் அணு எரிபொருளாகும் என்ற கணக்கில் அதைச் சேமித்துவைக்க மாநில அரசு நினைத்தது. முதலில் பாரிட் என்ற ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். மக்கள் முணுமுணுக்கவே கைவிட்டார்கள். அடுத்துப் பாப்பான். ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது காயம்பட்ட போராளிகளுக்கு மருத்துவம் பார்த்துச் சித்திரவதைக்கு உள்ளான சிபில் கார்த்திகேசு வாழ்ந்த ஊர் என்றே பலருக்கு அதைத் தெரியும். அங்கே சத்தமில்லாமல் குழி தோண்டுவதை 1983 இறுதியில் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தார்கள்.

1984 மே மாதம் பாப்பானிலும் சுற்று ஊர்களிலும் 6,700 பேர் கையெழுத்திட்ட மனு பிரதமருக்கும் மாநில முதல்வரான மந்திரி பெசாருக்கும் போனது. சில நாளில் குழிக்குப் போகும் சாலையை மறித்தார்கள். ஜூலை தொடக்கத்தில் நடந்த ஆர்ப்பாட்டத்துக்கு, காவல்துறை எச்சரித்தும், சுமார் 3,000 பேர் வந்தார்கள். குழிகள் கடுமையான தர விதிகளின்படி கட்டப்பட்டவை, பாதுகாப்பானவை என்று அறிவியல், சுற்றுச்சூழல் துறைகளின் அமைச்சர் ஸ்டீபன் யோங் சொன்னார். தன் பேச்சை உறுதிப்படுத்த அனைத்துலக அணுசக்தி முகமையை அவரே வரவழைத்தார். வந்து பார்த்த வல்லுநர்கள் குழிகள் பாதுகாப்பற்றவை என்று சொல்லிவிட்டார்கள். பிரிட்டனின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு வாரியமும் அதையே சொன்னது. 1985 ஜனவரியில் துணைப் பிரதமர் மூசா ஹீத்தாம், கிடங்கு பாப்பானில் வேண்டாம், கிளெடாங் மலைத்தொடருக்குப் போகட்டும் என்ற அமைச்சரவை முடிவை அறிவித்தார்.

பாப்பான் தப்பித்தது. ஆனால் குழி இல்லாததால் கழிவு எங்கே கிடந்தது? ஆலையின் பின்புறத்திலேயே. புக்கிட் மேரா மக்கள் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள்.

பினாங்குச் சங்கங்கள்

எஸ். எம். முகம்மது இத்ரீஸ் (1926–2019) இராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்து பினாங்குக்கு வந்த வணிகர். அவர் தலைமையில் வளர்ந்த பினாங்கு பயனீட்டாளர் சங்கம், பால் டின்னின் எடையில் தொடங்கி ஆற்றின் அழுக்குவரை எல்லாவற்றையும் கேள்வி கேட்டது. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு மொழிகளிலும் வெளியீடுகள் நடத்தியது. ஜார்ஜ் டவுனின் குறுக்கே ஓடும் சுங்கை பினாங், வீட்டுக் கழிவும் தொழிற்கூடக் கழிவும் கலந்து, நாட்டின் மிக மாசுபட்ட ஆறுகளுள் ஒன்றெனப் பேரெடுத்திருந்தது. 1970-களில் பிறை தொழிற்பேட்டைக் கழிவால் மீன்பாடு கெட்ட கோலா ஜூரு மலாய் மீனவர்களோடு சங்கம் நின்றது. அங்கே கற்ற பாடம் மிக எளியது: நீர் கெட்டுவிட்டது என்று மீனவர் சொன்னால் அது புகார், நீரை எடுத்துச் சோதித்த தாளோடு போனால் அது சான்று. சகோதர அமைப்பான சஹாபாட் அலாம் மலேசியா இந்த வழியிலேயே நடந்தது; 1988-இல் அதற்கு மாற்று நோபல் என அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. புக்கிட் மேராவுக்கும் இந்த இரு சங்கங்கள்தாம் கருவிகளோடும் வழக்கறிஞர்களோடும் போயின. வழக்கறிஞர் மீனாட்சி ராமன் மக்களுக்காக வாதாடியவர்களுள் ஒருவர்.

அளவுக் கருவி யார் கையில்

மருத்துவம், சட்டம், அரசியல் என்று இந்தப் போராட்டத்தைப் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். அதன் உள்ளே ஓடியது ஒரே சண்டைதான்: யார், எங்கே நின்று அளப்பது. ஆலையை ஒட்டிய திறந்த வெளியிலும் குட்டையிலும் அனுமதிக்கப்பட்ட அளவைவிட 88 மடங்கு கதிர்வீச்சு இருப்பதாகச் சஹாபாட் அலாம் சொன்னது. ஜப்பானிய மரபணுவியலாளர் சாதாவோ இச்சிகாவா நேரில் வந்து அளந்து, ஆபத்தான அளவு என்றார். நிறுவனம் அழைத்த அமெரிக்க வல்லுநர் எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது என்றார். இரு தரப்பும் ஒரே இடத்தில் நின்று அளக்கவில்லை. வேலிக்குள் போக மக்களுக்கு அனுமதியில்லை. வேலிக்கு வெளியே கழிவு எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தேடவேண்டிய அவசியம் நிறுவனத்துக்கு இல்லை.

உடல்நலக் கணக்கும் இப்படித்தான். கருச்சிதைவு, பிறவிக் குறை, குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் என்று மக்கள் தரப்பு மருத்துவர்கள் பட்டியலிட்டார்கள். பினாங்கைச் சேர்ந்த மருத்துவர் டி. ஜெயபாலன் ஊர்ப் பிள்ளைகளைச் சோதித்தார். கனடாவின் கன்னியாஸ்திரி-ஆய்வாளர் ரோசலி பெர்ட்டல் நீதிமன்றம் வந்து சாட்சி சொன்னார். சுமார் 11,000 பேர் வாழும் வட்டாரத்தில் ஐந்து ஆண்டுக்குள் 8 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததையும், அவர்களில் 7 பேர் இறந்ததையும் நியூயார்க் டைம்ஸ் 2011-இல் எழுதியது. நோய்க்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்பதே நிறுவனத்தின் நிலை. சிறிய ஊரில் புள்ளியியல் எப்போதும் மெலிந்துதான் இருக்கும். எட்டு என்ற எண்ணை வைத்து விஞ்ஞானி தயங்கலாம், ஆனால் அந்த எட்டுப் பேரின் வீட்டையும் தெரிந்த ஊர் தயங்காது.

வழக்கு

1985 பிப்ரவரியில் எட்டுக் குடியிருப்போர், தங்களுக்காகவும் ஊருக்காகவும், ஈப்போ உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். ஆலை நிற்கவேண்டும், கழிவு அகலவேண்டும் என்றார்கள். வழக்கின் அடிப்படை பழைய ஆங்கிலத் தீங்கியல் சட்டம்: அண்டை வீட்டாருக்குத் தொல்லை, கவனக்குறைவு, அத்துடன் 1868-இன் ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர் தீர்ப்பு தந்த விதி. ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் சேர்த்துவைப்பவர், அது தப்பி வெளியேறினால் பொறுப்பு என்பது அந்த விதி. நீர்த்தேக்கம் உடைந்து பக்கத்துச் சுரங்கத்தில் பாய்ந்த வழக்கில் பிறந்தது, தோரியத்துக்கும் பொருந்தியது.

அக்டோபரில் நீதிபதி அனுவார் இடைக்காலத் தடை விதித்தார். அன்று 1,500-க்கும் மேற்பட்டோர் நீதிமன்றத்துக்குத் திரண்டு வந்தார்கள். 1987 பிப்ரவரியில் அணுசக்தி உரிம வாரியம் நிறுவனத்துக்கு உரிமம் தர, ஆலை மறுபடி ஓடியது. ஊர் கொதித்தது, அந்த ஆண்டு சுமார் 10,000 பேர் புக்கிட் மேராவில் ஊர்வலம் போனார்கள். செப்டம்பரில் விசாரணை தொடங்கியது. அடுத்த மாதம் 27-ஆம் தேதி ஓப்ஸ் லாலாங் என்ற கைது நடவடிக்கை தொடங்கியது. இசா எனப்படும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்டோரை விசாரணையின்றிப் பிடித்தார்கள். அவர்களில் மீனாட்சி ராமனும், பேராக் கதிரியக்க எதிர்ப்புக் குழுத் தலைவர் ஹியூ யூன் டாட்டும் இருந்தார்கள். வழக்கு நடக்கும்போதே வாதியின் வழக்கறிஞர் சிறையில் இருந்த கதை சட்டப் புத்தகங்களில் அரிது.

விசாரணை 1990 வரை நீண்டது. 1992 ஜூலை 11-இல் நீதிபதி பே ஸ்வீ சின் மக்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்: 14 நாளில் ஆலை நிற்கவேண்டும், கழிவை அகற்றவேண்டும். அதற்குள் முதல் வாதி இறந்துபோயிருந்தார். சட்ட அறிக்கையில் வழக்கின் தலைப்பிலேயே அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘மறைந்தவர்’ என்ற குறிப்பு அடைப்புக்குள் நிற்கிறது. சில நாளில் நிறுவனம் மேல்முறையீடு செய்து, தீர்ப்பை நிறுத்திவைக்கும் ஆணை பெற்றது. மூடினால் நிறுவனத்துக்கும் 183 தொழிலாளருக்கும் கஷ்டம் என்று காரணம் சொல்லப்பட்டது.

1993 டிசம்பர் 23-இல் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்துசெய்தது. காரணங்கள் இரண்டு. ஆலைக்குள்ளேயே சோதனை செய்த நிறுவன வல்லுநர்களின் சான்று அதிக நம்பகமானது; உரிமம் பிடிக்கவில்லையென்றால் மக்கள் உரிம வாரியத்திடம் முறையிட்டிருக்கவேண்டும். முதல் காரணம் நியாயமாகத் தோன்றும், யாருக்கு உள்ளே அனுமதி இருந்தது என்று நினைத்துப் பார்க்கும்வரை. இரண்டாவது இன்னும் விசித்திரம்: ஆலையை ஓட அனுமதித்த அதே வாரியத்திடம் போய்க் கேட்கச் சொன்னது.

1994 ஜனவரியில் நிறுவனம் ஆலையை மூடுவதாக அறிவித்தது. ஜப்பானுக்குள்ளேயே எழுந்த எதிர்ப்பும் மிட்சுபிஷியின் பெயருக்கு நேர்ந்த களங்கமும், நீதிமன்றம் கொடுத்த அனுமதியைவிடக் கனத்தன.

மலைக்குள் புதைத்தல்

மூடுவது அறிவிப்போடு முடிகிற வேலை இல்லை. சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் செலவில் நடந்த துப்புரவு, அருமண் தொழிலின் மிகப் பெரிய துப்புரவுகளுள் ஒன்று. ஆலையை அடியோடு பிரித்து, அதற்குக் கீழே 25 அடி ஆழம்வரை மண்ணையும் அள்ளினார்கள். 11,000 லாரிச் சுமை போனது. மூன்று மைல் தள்ளிக் காட்டுக்குள் ஒரு குன்றின் தலையைச் சீவி, வயிற்றில் கழிவை வைத்து, 20 அடிக்கும் மேல் களிமண்ணும் கருங்கல்லும் போட்டு மூடினார்கள். 80,000-க்கும் அதிகமான இரும்புப் பீப்பாய்களில் இருந்த கழிவு தனிக் கணக்கு. ஊரின் பள்ளிகளுக்கு மிட்சுபிஷி 1,64,000 டாலர் கொடுத்தது. நோய்களுக்கான பொறுப்பை ஏற்கவில்லை.

பிற்காலம்

2011-இல் ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனம் பஹாங்கின் கெபெங்கில் பெரிய அருமண் ஆலை கட்டிக்கொண்டிருந்தபோது, எதிர்த்தவர்களின் பேச்சில் முதலில் வந்தது புக்கிட் மேராவின் பெயர். 2012 நவம்பரில் ஹிம்புனான் ஹிஜாவ் இயக்கத்தினர் குவாந்தானிலிருந்து கோலாலம்பூருக்குச் சுமார் 300 கிலோமீட்டர் நடந்தார்கள். ஆலை நிற்கவில்லை. ஆனால் அதன் தோரியக் கழிவை எங்கே வைப்பது என்ற கேள்வி ஒவ்வோர் உரிமப் புதுப்பிப்பிலும் கூடவே வருகிறது. 2020-இல் நிரந்தரக் கிடங்கு கட்டவேண்டும் என்ற நிபந்தனையோடுதான் உரிமம் நீட்டிக்கப்பட்டது.

தமிழ் வாசகருக்கு மோனசைட் அந்நியப் பொருளில்லை. குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி மணலில் அது உண்டு. நூறாண்டுக்கும் மேலாக எடுக்கப்படுகிறது. சுரங்கத்தை விரிவாக்கும் திட்டங்களுக்குக் கடலோர ஊர்களில் எதிர்ப்பு தொடர்கிறது. தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலையோடு ஒப்பிட்டால் வரிசை தலைகீழ். அங்கே 2018 மே மாதம் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தபின் தமிழக அரசு ஆலைக்கு முத்திரை வைத்தது. திறக்கக் கோரிய, ஆலை உரிமையாளரான வேதாந்தாவின் மனுவை 2024 பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. புக்கிட் மேராவில் ஓட அனுமதித்தது நீதிமன்றம், மூடியது முதலாளி. அதனால் மலேசியச் சட்டத்தில் இன்றும் நிற்பது 1993-இன் தீர்ப்பே. அடுத்த ஊர் நீதிமன்றம் போனால், எதிர்த் தரப்பு முதலில் எடுத்துக் காட்டப்போவதும் அதைத்தான்.