நங்கூரம் போனால் கப்பல் என்னாகும்?

2023 டிசம்பரில் பாலக்காடு பக்கம் கண்ணாடியில் (ஊர் பேருங்க, முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை) லூலூ மால் திறந்தார்கள். அதிலிருந்து கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் சொந்தங்களிடம் போனில் பேசினால் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: "நீ பேங்க்ல தானே இருக்கே, மால்ல ஒரு கடை எடுத்தா தேறுமா?"

எனக்குத் தெரிந்த பதில் நான் இருக்கும் டொராண்டோவின் கதையில் இருக்கிறது. கொஞ்சம் பழைய கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூரை போட்டு, ஏசி வைத்த புறநகர் மாலுக்கு முன்னோடி, 1956ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் திறந்த சவுத்டேல். கட்டியவர் வியன்னாவில் பிறந்த விக்டர் குருயன். மாலைச் சுற்றி வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் வரவேண்டும் என்பது அவர் ஆசை. மால் மட்டும்தான் உலகமெல்லாம் பரவியது. பிற்காலத்தில் இந்தக் குழந்தைக்கு நான் அப்பன் இல்லை என்கிற மாதிரி பேசிவிட்டார் மனிதர்.

மால் கணக்கு எளிது. பெரிய கடை ஒன்றிரண்டு வேண்டும். அதற்குப் பெயரே நங்கூரக் கடை. கூட்டத்தை அது இழுக்கும், அதனால் சதுர அடிக்கு வாடகை குறைவு. அந்தக் கூட்டத்தை நம்பி நடுவில் இருக்கும் செருப்புக்கடையும் வளையல்கடையும் அதிக வாடகை கட்டும். பராமரிப்புச் செலவில் பங்கு தனி. பல ஒப்பந்தங்களில் விற்பனையிலும் ஒரு சதவீதம் போகும்.

சரி, நங்கூரம் கிளம்பிவிட்டால்?

டொராண்டோவின் கிழக்கே, நம்மவர்கள் நிறைந்த ஸ்கார்பரோவில் 1954ல் கோல்டன் மைல் பிளாசா வந்தது. 1959ல் எலிசபெத் மகாராணியே வந்து பார்த்துவிட்டுப் போனார். அன்று கனடாவின் பெரிய கடைகள் அசையாது என்றுதான் நினைத்தார்கள். நடந்தது என்ன? வுல்கோவின் 122 கடைகளை 1994ல் வால்மார்ட் வாங்கியது. 1869ல் தொடங்கிய ஈட்டன்ஸ் 1999ல் திவால். ஜெல்லர்ஸ் கடைகளின் குத்தகைகளை 2011ல் வாங்கிய டார்கெட், 2013ல் கடை திறந்து 2015ல் 133 கடைகளையும் மூடியது. சியர்ஸ் 2018ல் போனது. 1670ல் பிறந்த ஹட்சன்ஸ் பே கூட 2025 ஜூனில் கடைசிக் கதவைச் சாத்திவிட்டது.

ஒவ்வொரு முறையும் அடி வாங்கியது பக்கத்துச் சின்னக் கடைகள். நங்கூரம் போனால் வாடகை குறையும் என்கிற ஷரத்தைப் பெரிய கம்பெனிகள் கேட்டு வாங்கிவிடும். தனியாள் கடைக்கு அது கிடைப்பது அபூர்வம்.

1983க்குப் பின் வந்த நம் மக்கள் மளிகை, புடவை, நகைக்கடை வைத்தது பெரும்பாலும் வாடகை குறைந்த பழைய பிளாசாக்களில். இப்போது அங்கே வேறு சிக்கல். கோல்டன் மைல் பகுதியில் அடுக்குமாடிகள் வர 2020ல் நகரசபை திட்டம் நிறைவேற்றியது. இடித்துக் கட்டுவதற்காக நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யச் சொல்லும் ஷரத்து குத்தகையில் இருந்தால் அவ்வளவுதான். சரக்கை எடுத்துக்கொண்டு போகலாம். இருபது வருடமாகச் சேர்த்த வாடிக்கையாளரை எந்த லாரியில் ஏற்றுவது?

பாலக்காட்டுக்கு வருவோம். அங்கே மாலும் நங்கூரமும் ஒரே வீட்டுச் சொத்து. ஹைபர்மார்க்கெட் லூலூவுடையது. திடீரென்று ஓடிப்போகும் பயம் குறைவு. ஆனால் வீட்டுக்காரரே போட்டிக்காரர் என்பதும் உண்மை. அவர் விற்கும் அரிசி பருப்பை நீங்களும் விற்கப் போகாதீர்கள்.

எந்த மாலானாலும் கையெழுத்துக்கு முன் நாலு விஷயம் கேளுங்கள்: வாடகை வருடம் எவ்வளவு ஏறும்? பராமரிப்புக்கு உச்சவரம்பு உண்டா? நங்கூரம் போனால் வாடகை குறையுமா? இடித்தால் நஷ்டஈடு உண்டா?

பதில் வாயால் வந்தால் போதாது, பத்திரத்தில் வரவேண்டும். அதுவரை கிராஜுவிட்டி பணம் டெபாசிட்டிலேயே இருக்கட்டும். வட்டி கொஞ்சம்தான், ஆனால் தூக்கம் வரும்.