பெயரற்ற காப்பி

குலசேகரத்துக்குக் கிழக்கே தொடரும் அசம்பு மலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் காப்பி பயிரிட்டனர். 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் தென்னிந்திய மலைகளுக்கும் பரவியது. பின்னாளில் குலசேகரத்தின் பயிர் ரப்பர் என்றாயிற்று.

பிற மலைகளில் எஞ்சிய காப்பிக்கோ வேறொரு விதி வாய்த்தது. போரினால் ஐரோப்பியச் சந்தை அடைபட, 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விளைச்சல் காப்பி வாரியத்தின் பொதுத்தொகுப்பில் சேர்ந்தது. தோட்டத்தின் பெயர் மறைந்தது. பெயர் போனால் சுவையே அரசாளும் என்று தோன்றும், நடந்தது வேறு. கரண்டியில் உறிஞ்சி, திடமும் புளிப்பும் மணமும் கண்டு உமிழும் சுவைஞர் இருந்தனர்தாம். ஆயினும் நற்கொட்டையும் பிறர் கொட்டையோடு கலந்தமையால், நாவின் தீர்ப்பு விளைவித்தவனைச் சென்றடையவில்லை.

1992 முதல் தளர்ந்த அவ்வேற்பாடு 1996இல் நீங்கியது. பெயர் மீண்டது, டப்பாவின் பளபளப்பும் உடன் வந்தது. காப்பித்தூளில் சிக்கரி 49 விழுக்காடுவரை கலக்கலாம்; அவ்வளவு பொட்டலத்தில் அச்சாக வேண்டும். படிப்பவர் சிலரே. குளிர்நீரில் தூவினால் காப்பித்தூள் மிதக்கும். சிக்கரி நிறம் விட்டுக் கீழிறங்கும்.