ஈயக் குண்டும் எல்க் மானும்

1806-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11-ஆம் நாள். வட அமெரிக்காவில் மிசௌரி ஆற்றங்கரையில் அடர்ந்திருந்த புதர்க்காட்டினுள் இருவர் எல்க் மானைத் தேடிப் புகுந்தனர். ஒருவர், பசிபிக் பெருங்கடல்வரை சென்று மீண்டுகொண்டிருந்த ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் மெரிவெதர் லூயிஸ். மற்றவர் குழுவின் படகோட்டி பியேர் குரூசாட். ஒரு கண் பார்வையற்றவர், மறுகண்ணும் மங்கியவர். சற்று நேரத்தில் ஒரு வெடியோசை எழுந்தது. தோலாடை அணிந்திருந்த தலைவரை மானென மயங்கிக் குரூசாட் சுட்ட குண்டு, லூயிஸின் பிட்டத்தைத் துளைத்துச் சென்றது. அழைத்தும் விடை வராமையால், பழங்குடியினர் தாக்கினரோ என்று லூயிஸ் ஐயுற்றார். பின்னர்த் தம் காற்சட்டைக்குள் தங்கியிருந்த குண்டை எடுத்து நோக்கினார். அது குரூசாட் ஏந்தியிருந்த குட்டை ரைபிளுக்கு உரிய குண்டு! ஐயம் தீர்ந்தது. காயமும் சில வாரங்களில் ஆறியது.

மாணவ நண்பர்களே, அந்தக் குண்டு வெறும் ஈய உருண்டைதான். இப்பயணத்திற்காக லூயிஸ் 52 ஈயக் குப்பிகளைச் செய்வித்து, அவற்றில் வெடிமருந்தை நிரப்பி எடுத்துச் சென்றார். ஒரு குப்பியின் மருந்து தீர்ந்ததும் அக்குப்பியையே உருக்கி வார்த்தால், அம்மருந்துக்கு வேண்டிய குண்டுகள் கிடைத்துவிடும். இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை நான் எத்தனை முறை எண்ணினாலும் வியப்பு அடங்குவதில்லை. 1805-06-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தைக் கடலோரக் கிளாட்சாப் கோட்டையில் கழித்த அக்குழுவினர், நூற்றுக்கு மேற்பட்ட எல்க் மான்களைக் கொன்று அவற்றின் ஊனை உண்டே உயிர் பிழைத்தனர்.

எல்க் என்பது ஐரோப்பாவின் செம்மானுக்கும், நம் காசுமீரத்து ஹங்குல் மானுக்கும் உறவுடையது. வாப்பிட்டி என்பது ஷானி மொழியில் அதன் பெயர். வெண்ணிறப் பின்புறம் உடையது என்று பொருள். ஆண்மான் 300 கிலோவுக்கு மேலும் எடை கொள்ளும். இத்தகைய பேருடல் விலங்கு விரைவில் வீழவேண்டுமாயின், தடித்த தோலையும் தசையையும் சில வேளைகளில் தோள் எலும்பையும் கடந்து குண்டு நுரையீரலையோ இதயத்தையோ அடைய வேண்டும். அடைந்த இடத்தில் அகன்ற புண்ணையும் உண்டாக்க வேண்டும். ஆழப் பாய்தல் ஒன்று. அகல விரிதல் மற்றொன்று. ஒன்றை மிகுத்தால் மற்றொன்று குறையும். குண்டு தேர்வின் வரலாறு முழுவதும் இவ்விரண்டிற்கும் இடையே நடந்த வழக்கே எனலாம்.

கருமருந்துக் காலத்தில் இவ்வழக்கு எளிதாக இருந்தது. குண்டின் வேகம் குறைவு; ஈயமோ மென்மையானது; தாக்கியதும் தானே தட்டையாகி விரியும். பெரிய விலங்கிற்குப் பெரிய உருண்டை, அவ்வளவே. 1884-இல் பிரான்சு நாட்டுப் பால் வியேல் புகையில்லா வெடிமருந்தைக் கண்டறிந்தபோதுதான் சிக்கல் தொடங்கிற்று. புதிய வேகத்தில் வெற்று ஈயம் குழலின் உட்புறத்தில் அப்பிக்கொண்டது. ஆகவே ஈயத்தின்மேல் கடினமான உலோக உறை போர்த்தினர். உறையிட்ட குண்டு விரியாமல் ஊசிபோல் உடலை ஊடுருவிச் சென்றது.

இங்கே நம் நாட்டு ஊர் ஒன்றின் பெயர் இவ்வரலாற்றில் நுழைகிறது. பெருமைக்குரிய முறையில் அன்று. கல்கத்தாவை அடுத்த டம்டம் என்னும் ஊரிலிருந்த படைக்கலச் சாலையில், ஆங்கிலேயர் 1890-களில் உறையின் முனையைத் திறந்துவிட்டு ஈயம் வெளித்தெரியும் குண்டுகளைச் செய்தனர். எல்லைப்புற மக்கள்மீது அவை ஏவப்பட்டன. உடலுள் விரிந்து கொடும்புண் விளைத்த அக்குண்டுகளைப் போரில் பயன்படுத்தலாகாது என 1899-இல் ஹேக் நகர மாநாடு அறிவித்தது. பிரிட்டன் அவ்வறிவிப்பில் இணைந்தது 1907-இல்தான்.

போரில் விலக்கப்பட்ட அதே விரிகுண்டு, வேட்டையில் கட்டாயமாயிற்று. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், விரியாத குண்டால் பெருவிலங்குகளைச் சுடுதல் சட்டப்படி குற்றம். இதனை முரண்பாடு என்று சிலர் நகைப்பர். நான் அவ்வாறு கருதவில்லை. போர்வீரன் காயமுற்றுப் போரிலிருந்து விலகினாலே பகைவர்க்குப் போதும்; அதற்கு மேற்பட்ட துன்பம் வீண். மானோ காயத்துடன் ஓடினால், மருத்துவமும் துணையும் இன்றி நாட்கணக்கில் வருந்தியே சாகும். நோக்கம் ஒன்றே, துன்பத்தைக் குறைத்தல், வழிகள்தாம் எதிரெதிரானவை.

1925-இல் வெளிவந்த .270 வின்செஸ்டர் ரைபிள், 130 கிரெயின் குண்டை நொடிக்கு 3,000 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் செலுத்திற்று. கிரெயின் என்பது தானிய மணியால் வந்த எடைப்பெயர், நம் பொற்கொல்லரின் குன்றிமணியைப் போல. இலேசான குண்டும் மிகுந்த வேகமுமே சிறந்தவை என்று ஜாக் ஓகானர் என்னும் எழுத்தாளர் பல்லாண்டுகள் வாதிட்டார். ஐடஹோ மலைகளில் வேட்டை வழிகாட்டியாக இருந்த எல்மர் கீத், எல்க் மானுக்குக் கனத்த, பருத்த குண்டே வேண்டும் என்று அதே உறுதியுடன் மறுத்தார். இருவர்க்கும் வழிவழியாக மாணாக்கர் உண்டு. எனினும் வேகமும் எடையும் மட்டுமே விடையல்ல என்பதைக் காட்டியவர், ஆரகன் மாநிலத்தில் சரக்குந்துத் தொழில் நடத்திய ஜான் நாஸ்லர்.

1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அவர் மூஸ் மானை வேட்டையாடினார். (மூஸ் என்பதைத்தான் ஐரோப்பியர் எல்க் என்பர், பெயர்க் குழப்பம் பெரிது!) விலங்கின் உடலில் சேறு காய்ந்து அப்பியிருந்தது. வேகமிக்க ரைபிளால் பலமுறை சுட்டும், குண்டுகள் மேற்பரப்பிலேயே சிதறின, உள்ளே பாயவில்லை. வீடு திரும்பிய நாஸ்லர், செம்புக்கலவைத் தண்டை இரு முனைகளிலும் குடைந்து, நடுவே ஒரு தடுப்புச் சுவரை விட்டு, இரு குழிகளிலும் ஈயத்தை நிரப்பினார். முன்பாதி விரியும், சுவர் அதனைத் தடுத்து நிறுத்தும், பின்பாதி குலையாமல் ஆழப் பாயும். ஜெர்மானியர் இதனையொத்த குண்டை முன்னரே செய்திருந்தனர் என்பதையும் சொல்லவேண்டும். மறு ஆண்டு வேட்டையில் அது பயன் தந்தது. 1948-இல் விற்பனைக்கு வந்து, எல்க் வேட்டைக்காரரின் பெருவிருப்பத்திற்கு உரியதாயிற்று. அவருள் பலர் விரும்பும் 180 கிரெயின் குண்டின் எடை ஏறக்குறைய 11.7 கிராம்.

இத்துடன் வழக்கு முடிந்ததென்று எண்ணினோர் ஈயத்தை மறந்துவிட்டனர். விரியும் ஈயம் நுண்துகள்களாகவும் சிதறுகிறது. வேட்டைக்காரர் காட்டிலேயே விட்டுச்செல்லும் குடலோடு அத்துகள்களையும் பாறுகள் விழுங்குகின்றன. கலிபோர்னியாவின் காண்டார் என்னும் பெரும்பாறு 1982-இல் உலகத்தில் 22 மட்டுமே எஞ்சியிருந்தது. காட்டில் இருந்தவற்றையெல்லாம் 1987-க்குள் பிடித்து வளர்த்து, 1992 முதல் மீண்டும் பறக்கவிட்டனர். அவ்வாறு விடப்பட்டவற்றுள்ளும் மிகப்பல ஈய நஞ்சால் மாண்டன. கால்நடைகளுக்கு ஊட்டிய டைக்ளோபினாக் மருந்தால் நம் நாட்டுப் பாறுகள் அழிந்த கதையை அறிந்தவர்க்கு, இது புதிதாகத் தோன்றாது.

ஈயமே இல்லாமல் முழுதும் செம்பால் ஆன விரிகுண்டை 1980-களில் ராண்டி புரூக்ஸ் என்பவர் உருவாக்கினார். செம்பு ஈயத்தினும் அடர்த்தி குறைந்தது. ஆதலின் அதே எடைக்குக் குண்டு நீளமாகிறது. ஆயினும் அது விரிந்தபின் பெரும்பாலும் சிதறுவதில்லை. எடை இழக்காமையால் சற்று இலேசான குண்டே ஆழப் பாய்ந்துவிடும். கலிபோர்னியா 2013-இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை முதல் நாளிலிருந்து வேட்டையில் ஈயக் குண்டுகளை அறவே விலக்கிற்று. எல்க் மான்கள் மிகுந்துள்ள கொலராடோ, வயோமிங், மான்டானா, ஐடஹோ மாநிலங்களிலோ, ஈயமா செம்பா என்று தெரிவது இன்றும் பெரும்பாலும் வேட்டைக்காரரிடமே விடப்பட்டிருக்கிறது.