பட்டியல் வடிகட்டும் செயற்கூறு (பைத்தான்)

ஒரு பட்டியலை வாங்கி, நிபந்தனைக்குப் பொருந்தும் உறுப்புகளை மட்டும் புதிய பட்டியலாகத் திருப்பித் தரும் செயற்கூறு. கீடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்ட பைத்தான் மொழியில், தொடக்கநிலை மாணவர்கள் முதலில் எழுதிப் பழகும் பயிற்சிகளில் இதுவும் ஒன்று. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் இடம்பெற்றிருப்பதால், சங்கராபுரம் போன்ற ஊர்களின் மேல்நிலைப் பள்ளிகளிலும் இது பழக்கமானதே.

அமைப்பு. வெற்றுப் பட்டியல் ஒன்றை உருவாக்கி, ஃபார் மடக்கால் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, இஃப் கூற்றால் சோதித்து, தேறியவற்றை அப்பெண்ட் செய்து, மடக்கு முடிந்தபின் ரிட்டர்ன் செய்ய வேண்டும். ரிட்டர்ன் வரியை மடக்குக்குள் தள்ளி எழுதிவிட்டால் முதல் சுற்றிலேயே செயற்கூறு முடிந்துவிடும். இதே வேலையை ஒரே வரியில் முடிக்கும் வசதி 2000-இல் வந்த பைத்தான் 2.0-இல் சேர்ந்தது. ஆனாலும் மடக்கை விரித்து எழுதிப் பழகியவருக்கே அந்த ஒற்றை வரி தெளிவாகும்.

மூலப் பட்டியலில் கைவைத்தல். சங்கராபுரம், கள்ளக்குறிச்சி, கல்வராயன்மலை, சின்னசேலம் என்ற பட்டியலிலிருந்து ‘க’வில் தொடங்கும் பெயர்களை நீக்க வேண்டும் என்று கொள்வோம். மடக்கு ஓடும்போதே அதே பட்டியலிலிருந்து கள்ளக்குறிச்சியை நீக்கினால், கல்வராயன்மலை அந்த இடத்துக்கு நகரும். மடக்கோ அடுத்த இடத்துக்குப் போய்விடும். கல்வராயன்மலை சோதிக்கப்படாமலே தங்கிவிடும், பிழைச்செய்தியும் வராது. புதிய பட்டியல் கட்டுவதன் தேவை இங்கேதான் புரியும்.

தமிழ்ச் சொற்கள். ஆங்கில எடுத்துக்காட்டுகளை மட்டும் வைத்துப் படிப்பவர்கள் காணாத சிக்கல் இது. பைத்தான் 3 தமிழ்ச் சரங்களை யூனிகோடு குறிகளாக எண்ணுகிறது. நாம் ‘சங்கராபுரம்’ என்பதில் 7 எழுத்துகளைக் காண்கிறோம். நீளத்தை எண்ணித் தரும் லென் செயற்கூறோ 11 என்று விடை தரும், ஏனெனில் புள்ளியும் துணைக்காலும் உகரக் குறியும் தனித்தனிக் குறிகள். ஆகவே ‘எட்டு எழுத்துக்கு மேற்பட்ட ஊர்ப்பெயர்கள்’ என்று வடிகட்டினால் சங்கராபுரமும் உள்ளே வந்துவிடும். கல்வராயன் மலையில் பிறக்கும் ‘கோமுகி’ ஆற்றின் பெயர் ‘கோ’ என்ற எழுத்தில் தொடங்கினாலும், ‘க’வில் தொடங்குகிறதா என்ற ஸ்டார்ட்ஸ்வித் சோதனையில் தேறிவிடும். திரையில் கொம்பு முன்னால் தெரிந்தாலும் நினைவகத்தில் ‘க’ முதலிலும் ஓகாரக் குறி அதன் பின்னும் இருப்பதே காரணம்.

இதற்குத் தீர்வு ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் உண்டு. அதன் கெட்-லெட்டர்ஸ் செயற்கூறு ‘கோமுகி’யை கோ, மு, கி எனப் பிரித்துத் தரும். நிபந்தனையை அந்த எழுத்துப் பட்டியலின்மீது வைத்தால் எண்ணிக்கையும் முதலெழுத்தும் சரியாக வரும். முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ நிரல்மொழியும் பைத்தானின் மேல் கட்டப்பட்டதே. அதில் செயற்கூற்றை ‘நிரல்பாகம்’ என்று தொடங்கி, ‘ஆனால்’ கொண்டு நிபந்தனை சோதித்து, விடையைப் ‘பின்கொடு’ என்று திருப்பி, ‘முடி’ என்று நிறுத்துவார்கள்.