தலைப்பெழுத்துக்குள் ஒரு வரலாறு

தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை என்பதை ஒரு குறைபாடு போலக் கூறும் வழக்கம் பெருகி வருகிறது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தின் முன் நாம் திகைக்கிறோம். பின்னர் தந்தை பெயரை அங்கே எழுதிவிடுகிறோம். அயல்நாட்டு அலுவலகத்தில் மகளை அவளுடைய தந்தையின் பெயரால் அழைக்கிறார்கள். இந்தச் சங்கடத்தின் வேரைத் தேடினால் அது வெறும் விண்ணப்பப் படிவத்தின் சிக்கல் அன்று என்பது விளங்கும்.

தந்தை பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னும் வைப்பது நமக்கு ஆங்கிலேயர் கற்பித்தது அன்று. சாத்தன் மகன் கொற்றன் ‘சாத்தங்கொற்றன்’ ஆவதற்குத் தொல்காப்பியப் புள்ளி மயங்கியல் விதி வகுக்கிறது. கீழடியில் கிடைத்த பானையோட்டில் ‘குவிரன் ஆதன்’ என்று இரு பெயர்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. இதன் மறுதலையும் உண்டு. ஆதன் தந்தை ‘ஆந்தை’ என்றும், பூதன் தந்தை ‘பூந்தை’ என்றும் திரியும் என்பதும் அதே இயலில் உள்ள செய்தியே. பிசிராந்தையார் என்ற பெயரைப் பிரித்தால் பிசிர் என்னும் ஊரும் ஆதன் என்னும் மகனும் கிடைக்கிறார்கள். கோப்பெருஞ்சோழனுக்காக உயிர்விட்ட அப்புலவரின் சொந்தப் பெயர் மட்டும் கிடைப்பதில்லை! ஒக்கூர் மாசாத்தியாருக்கோ ஊரே அடையாளம். தந்தையோ கணவனோ அவர் பெயரில் இடம்பெறவில்லை.

குடிப்பெயர் அறவே இல்லாமலும் போகவில்லை. பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள குன்றத்தூரில் பிறந்த பெரியபுராண ஆசிரியரின் இயற்பெயர் அருண்மொழித்தேவர் என்பது மரபு. நாம் அவரை அறிவது சேக்கிழார் என்ற குடிப்பெயரால். ஆயினும் அப்பெயர் வழிவழியாக ஒட்டிக்கொண்டு வரும் பொதுவழக்காக இங்கே நிலைபெறவில்லை.

நிலைபெற்றவை பட்டங்கள். முதலி என்பது முதன்மையானவன் என்ற பொருளில் சோழர் காலத்து அதிகாரிகளுக்கும் படைத்தலைவர்களுக்கும் வழங்கிய சிறப்புப்பெயர். நாயக்கர், பிள்ளை ஆகியவையும் மதிப்புக் குறித்த சொற்களே. காலப்போக்கில் அவை பதவியிலிருந்து கழன்று பிறப்போடு ஒட்டிக்கொண்டன. ஆங்கிலேயர் காலத்துக் கணக்கெடுப்பும் பதிவேடுகளும் அந்த ஒட்டுதலை இறுக்கின. வேடிக்கை என்னவெனில், இப்பட்டங்கள் சாதியைக்கூடத் தெளிவாகச் சொல்வதில்லை. தொண்டைமண்டலத்தில் முதலியார் என்றால் வேளாளராகவும் இருக்கலாம், செங்குந்தராகவும் இருக்கலாம். நாயக்கர் என்பதும் அவ்வாறே பல வகுப்பாருக்குப் பொது. அவை உறுதியாகச் சொன்னது ஒன்றே: பட்டம் உடையவர் மேலே, பட்டம் இல்லாதவர் கீழே.

இந்த ஒட்டுதலை அறுக்கும் முயற்சி நம் மாவட்டத்தில் நடந்தது என்பதை இப்பகுதி வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். அம்பத்தூரும் ஆவடியும் பூவிருந்தவல்லியும் திருவள்ளூர் மாவட்டத்துக்குள் வந்தது 1997இல்தான். அதற்குமுன் அவை செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அந்தச் செங்கற்பட்டில் 1929 பிப்ரவரியில் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் முதலாவது மாகாணச் சுயமரியாதை மாநாடு கூடிற்று. பெயருக்குப்பின் சாதிப்பட்டம் இடும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும் என்று அது தீர்மானித்தது. 1927 இறுதியிலேயே பெரியார் ‘குடி அரசு’ இதழில் தம் பெயரிலிருந்து நாயக்கர் என்பதை நீக்கிவிட்டிருந்தார்.

பட்டம் போன இடத்தைத் தலைப்பெழுத்து நிரப்பியது. அந்த எழுத்துகளுக்குள் பழைய மரபு அப்படியே உறைந்திருப்பதுதான் வியப்பு. ஈ.வெ.ரா. என்பதில் ஈரோடும் தந்தை வெங்கடரும் இருக்கிறார்கள். உ.வே.சா.வில் உத்தமதானபுரமும் தந்தை வேங்கடசுப்பையரும் இருக்கிறார்கள். திரு.வி.க.வின் ‘திரு’ மரியாதைச் சொல் என்று மாணவர் பலர் எண்ணுகிறார்கள். அது திருவாரூர். அவர் 1883இல் பிறந்தது செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்ற சிற்றூரில். முன்னோர் விட்டுவந்த ஊர் சுருக்கமாகப் பெயரில் தொடர்ந்தது. ‘வி’ தந்தை விருத்தாசலர். ஊர், தந்தை, தான் என்ற இந்த வரிசை சங்கப் புலவர் பெயர்களை நினைவூட்டுவது.

தொழிற்பேட்டைகள் வந்தபின் அம்பத்தூரிலும் ஆவடியிலும் இந்தியாவின் பல திசையினரும் அருகருகே வாழ்கிறார்கள். வங்காளியும் மராட்டியரும் பெயரோடு குடும்பப் பெயரை இயல்பாக எழுதும்போது, நம்மவர்க்கும் ‘நமக்கு ஒன்று வேண்டாமா’ என்ற ஆசை எழுகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்பக் கைக்கெட்டும் தூரத்தில் காத்திருப்பது பழைய சாதிப்பட்டமே. ஆதலால் அந்தக் கட்டம் வெறுமையாக இருப்பதை இழப்பு என்று நான் கருதவில்லை. அந்த வெறுமை பல்லாயிரவர் தாமே விரும்பிப் பட்டத்தைத் துறந்ததன் தடயம்.

ஆயினும் தலைப்பெழுத்தைக் குறையற்றது எனப் போற்றவும் இயலவில்லை. செங்கற்பட்டு மாநாடு பட்டத்தை நீக்கச் சொன்னதோடு பெண்களுக்குச் சம சொத்துரிமையும் கோரியது. தமிழகத்தில் 1989இலும் நாடெங்கும் 2005இலும் மகளிர்க்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு சட்டமாயிற்று. பெயரிலோ அந்தச் சமன்மை இன்னும் வரவில்லை. பெண்ணின் தலைப்பெழுத்து திருமணத்திற்குமுன் தந்தையுடையது, பலருக்குத் திருமணத்திற்குப்பின் கணவனுடையது. தாயின் எழுத்தையும் சேர்த்து எழுதுவோர் இன்றும் சிலரே. மகன் பெயரால் தந்தை அறியப்பட்டதற்கும், ஊர்ப்பெயர் மட்டும் தாங்கி ஒரு பெண் புலவர் நின்றதற்கும் இடமளித்த மொழி இது. தாயின் பெயருக்கு ஓர் எழுத்து இடம் தருவதற்கு இலக்கணத் தடை ஏதுமில்லை.